நாலாவது ஆள் எழுந்திரு

ஜன்னல் சீட்டைத் தர மாட்டேன் அக்கா. முதல்லயே சொல்லிட்டேன். அப்புறம் தலை சுத்துது, வாந்தி வருதுன்னு கேட்கக் கூடாது. வண்டி புது பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போதே ஓடிவந்து கர்சீப் போட்டுப் பிடிச்ச இடம் இது. நீங்க நடுவுல உட்காருங்க. இந்தப் பையைக் கீழ வைன்னும் சொல்லாதீங்க, அது மடியிலயே இருக்கட்டும். என் பை இல்ல. என் ரூம்மேட் கோமதியோடது. குடுக்கத்தான் போறேன். குடுக்க மட்டும் இல்ல, கையோட இழுத்துட்டு வரவும்தான். சொல்றேன். சங்கரன்கோவில் வண்டிதானே, உருண்டுக்கிட்டுத்தான் போகும்.

அதுக்கு முன்னால ஒரு வேடிக்கை. முன் சீட்டுல அந்த மீசைக்கார அண்ணாச்சி வாயைத் திறந்துட்டுத் தூங்குறாரா? இப்பப் பாருங்க.

"டிக்கெட், டிக்கெட்! தூங்கினா சும்மா போயிரலாம்னு நெனப்பா? செக்கிங் ஏறியாச்சு, எடு, எடு!"

எப்படிப் பதறிச் சட்டைப்பையைத் தடவுறார் பார்த்தீங்களா! கண்டக்டர் பின்னாடி படிக்கட்டுல நிக்கிறார். நாமதான் கத்தினோமோன்னு அவருக்கே சந்தேகம். நீங்களும் சிரிச்சிட்டீங்க. சிரிங்க, சிரிங்க. எல்லாரும் நல்லாச் சிரிப்பாங்க. சிரிச்சு வாயைத் துடைச்சிட்டு, குத்தவாளி யாருன்னா என்னையக் கைகாட்டுவாங்க.

எனக்கு எந்தக் குரலும் வரும் அக்கா. ஒருதடவை காதுல விழுந்தாப் போதும். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், பேரு முத்துக்கனி. கனின்னு கூப்பிடுவாங்க. இப்ப யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுறதில்ல, அது வேற. எங்க எச்ஓடி அருணாசலம் சார் இருக்காரே, பொடி போடாமலே பொடி போட்ட குரல். "மௌஸை எவனாவது தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன். லேப்ல எல்லாம் கீபோர்டுதான். புரியுதா, புரியலையா?" இதை நான் வராந்தாவுல நின்னு சொன்னா உள்ள முப்பது பேரும் மௌஸை விட்டுருவாங்க. சாரே ஒருநாள் விட்டுட்டார். ஹாஸ்டல் வார்டன் பாக்கியம் மேடம்: "ஏட்டி, எவ அது குழாயைத் திறந்து போட்டுட்டு வந்தது? உங்கப்பன் வீட்டு ஆறாட்டி?" இதைக் குளியலறை வாசல்ல நின்னு சொன்னாப் போதும், பாதி சோப்போட ஓடிவருவாளுக.

கோமதி மட்டும் ஓடிவர மாட்டா. உள்ளயிருந்தே, கனி, துண்டை எடுத்துக் குடுன்னு சொல்லுவா. அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிரும். எனக்கு அதுவே பிடிக்காது.

சரி, விஷயத்துக்கு வாரேன். அந்தக் கருப்பு ஸ்க்ரீன் பார்த்திருக்கீங்களா? படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. வெள்ளை எழுத்துல நாம ஒண்ணு அடிக்கணும், அது பதிலுக்கு ஒண்ணு துப்பும். அருணாசலம் சாருக்கு அதுதான் சாமி. நீளமான ஃபைல் ஒண்ணு இருக்குன்னு வைங்க, பேரும் ஊரும் அதும் இதுமா. அதுல பேரையும் ஊரையும் மட்டும் உருவணும். மத்தவளுகளா இருந்தா ஒவ்வொண்ணாப் பார்த்து நோட்டுல எழுதுவாளுக, விடிஞ்சிரும். நான் ஒரே வரி அடிப்பேன், கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள உருவிக் குடுத்துரும். 'கட்'னு ஒரு கமாண்டு இருக்கு, அது மக்கு. நடுவுல ஸ்பேஸ் ஒண்ணு அதிகமாப் போச்சுன்னா வெத்திடத்தை எடுத்து நீட்டும். 'ஆக்'னு ஒண்ணு இருக்கு, அது கெட்டிக்காரி. எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் விழுங்கிட்டு, அடுத்த வார்த்தை எங்கன்னு தேடிப் போகும்.

புரியலையா? இந்த பஸ்ஸையே எடுத்துக்கோங்க. ஒரு வரிசைக்கு எத்தனை பேர்? இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு. ஃபைல்லயும் ஒவ்வொரு வரியிலயும் அப்படி அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஜன்னல் ஓரம் இனிஷியல். நடுவுல பேரு. அதுக்கு அடுத்து டிபார்ட்மெண்ட். நடைபாதை தாண்டி ஊரு. அந்தக் கடைசி ஜன்னல்ல ஒருத்தர் வெளிய பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார்ல, அவர் அஞ்சாவது. நான் என்ன பண்ணுவேன்? ஜன்னல்லயிருந்து எண்ணி, ஒண்ணு, ரெண்டு, நாலு, எழுந்திருங்கம்பேன். இனிஷியல், பேரு, ஊரு. எல்லா வரிசையிலயும் அவங்க மட்டும் எழுந்திருப்பாங்க. அவ்வளவுதான் வித்தை.

அந்த ஃபைல் எதுக்கா? எங்க காலேஜுக்கு வருஷா வருஷம் ஒரு அறக்கட்டளைக்காரங்க வந்து கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு லேப்டாப் குடுப்பாங்க. மேடை, மாலை, பொன்னாடை, அதைப் போட்டோ எடுக்க ஒருத்தர், அந்தப் போட்டோக்காரரை இன்னொருத்தர் எடுப்பார். இந்தவாட்டி பேரு வாசிக்க என்னைப் போட்டாங்க. அருணாசலம் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "ஃபைல் ஆபீஸ்ல அடிச்சது, அதுல என்னென்னமோ இருக்கு. நமக்குப் பேரும் ஊரும் போதும். உருவி எடுத்துக்கோ. சேட்டை பண்ணினே, தொலைச்சிருவேன். புரியுதா, புரியலையா?"

புரிஞ்சுது சார்னேன். அவர் குரல்லயே சொன்னேன். அதுக்கே முறைச்சார்.

இதைக் கேட்டதும் கோமதிக்கு வந்துச்சு பாருங்க பொறாமை! லேப்ல என் பக்கத்து மெஷின் அவளுக்கு. "கனி, அந்த ஃபைலை எங்கிட்ட குடேன், நான் எடுத்துத் தரேன்"னா. ஏன், எனக்குத் தெரியாதான்னேன். "இல்ல, உனக்கு வேற வேலை இருக்கும்ல, குரல் பழகணும்ல"ன்னா. எனக்கா? நான் என்னைக்குப் பழகியிருக்கேன்? மேடையில நான் நிக்கிறேன்ல, தனக்கும் அதுல ஒரு துண்டு வேணும், அதுதான். அவளும் லேப்டாப் வாங்குறவதான், தெரியும். அப்பா மலேசியாவுல ஹோட்டல் வேலை பார்க்கிறார்னு சொல்றவளுக்கு ஏன் லேப்டாப் குடுக்கிறாங்கன்னு நான் கேட்டேனா? கேட்கலையே.

நான் குடுக்க மாட்டேன்னதும் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்புறம் மெதுவா, "இனிஷியல் இல்லாத வரி இருந்தா எண்ணிக்கை நகர்ந்துரும் கனி. முழுசா ஒருதடவை படிச்சுப் பாரு"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்னைத் தவிர எல்லாருக்கும் இனிஷியல் இருக்குடி!"ன்னேன். லேபே சிரிச்சுது. அவ இனிஷியல் போட மாட்டா அக்கா. சேர்ந்த நாள்லயிருந்தே. வருகைப் பதிவுல அருணாசலம் சார் கேட்பார், "இனிஷியல் இல்லாம ஒரு மனுஷி எப்படிம்மா இருக்க முடியும்?" கோமதின்னு மட்டும் போடுங்க சார்ம்பா. நான் அதை ஸ்டைலுக்குன்னு நெனச்சேன். சினிமாக்காரி மாதிரி.

சாயங்காலம் மறுபடி வந்து, "பார்த்துட்டியா?"ன்னா. பார்த்தாச்சுடின்னேன். பார்க்கத்தான் செஞ்சேன். மேல உள்ள வரியெல்லாம் பார்த்தேன், அம்சமா வந்திருந்துச்சு. கடைசி வரைக்கும் உருட்டிப் பார்க்க நான் என்ன ஆபீஸ் கிளார்க்கா? ஒரே வரியில வேலையை முடிக்கத்தான் கமாண்டு. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் படிக்கணும்னா கமாண்டு எதுக்கு?

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? நீங்களும் வார்டன் மாதிரியே புருவத்தைத் தூக்காதீங்க. கதையைக் கேளுங்க.

விழா அன்னைக்கு எனக்கு ஒரு யோசனை. சும்மா பேரு வாசிச்சா எவன் கேட்பான்? ஆளுக்கொரு குரல்ல வாசிச்சா? முதல் பேரு பிரின்சிபால் குரல்ல. "அண்ட் நவ், ஐ ஆம் கால்லிங், மாணவச் செல்வம், ச. வேல்முருகன், கடையநல்லூர்!" கூட்டம் அப்படியே நிமிர்ந்துச்சு. பிரின்சிபால் மேடையில உட்கார்ந்திருக்கார், அவர் வாய் மூடியிருக்கு, குரல் மட்டும் வருது! அடுத்து அருணாசலம் சார்: "இரா. பேச்சியம்மாள், மானூர். லேப்டாப் தருவாங்க, மௌஸ் தர மாட்டாங்க. புரியுதா, புரியலையா?" விசில் பறக்குது. அறக்கட்டளைத் தலைவரே வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறார். அருணாசலம் சார் மட்டும் மேடை ஓரத்துல நின்னு கையை ஆட்டி நிறுத்து நிறுத்துங்கிறார். அவ்வளவு கூட்டம் சிரிக்கும்போது எவனாவது நிறுத்துவானா?

நான் பேப்பரைப் பார்க்கிறேன், வாசிக்கிறேன், அடுத்த குரல் எதுன்னு மனசுக்குள்ள தேடுறேன். கண்ணு ஒரு வேலை, வாய் ஒரு வேலை. அப்ப கோமதி பேரு வருது. அவளுக்குன்னு வார்டன் குரலை எடுத்து வச்சிருந்தேன். ஃப்ரெண்டு இல்லையா, நல்ல குரலாக் குடுக்கணும்ல.

"ஏட்டி கோமதீ! கம்ப்யூட்டராட்டி நீ? அப்பா ஜெயிலாட்டி?"

அதான் இருந்துச்சு பேப்பர்ல. கோமதி, கம்ப்யூட்டர், அப்பா-ஜெயில். மத்தவங்களுக்கு இனிஷியல், பேரு, ஊருன்னு வந்த இடத்துல இவளுக்கு இப்படி வந்திருக்கு. ஜன்னல் சீட்டுல ஆள் இல்ல, புரியுதா? அந்த 'ஆக்' கமாண்டு சீட்டை எண்ணாது, தலையைத்தான் எண்ணும். காலி இடத்தை விழுங்கிட்டு ஒண்ணு கோமதி, ரெண்டு கம்ப்யூட்டர்னு எண்ணிக்கிட்டே போயிருக்கு. நாலாவது ஆள் எழுந்திருன்னதும் ஊரு எழுந்திருக்கல. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே கடைசி ஆளு, லேப்டாப் ஏன் குடுக்கிறோம்ங்கிற காரணம், அவரு எழுந்து நின்னுட்டார். இதுல நான் என்ன பண்ணினேன் சொல்லுங்க? வந்ததை வாசிச்சேன். செய்தி வாசிக்கிற அம்மா வந்ததை வாசிக்கிறாங்க, அவங்களைப் போய் யாராவது அடிக்கிறாங்களா?

அன்னைக்கு எனக்கு அதிகமாக் கைதட்டு விழுந்தது அந்தப் பேருக்குத்தான் அக்கா. அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. வார்டன் குரல் அப்படி உட்கார்ந்துச்சு. மொத்த ஹாலும் சிரிச்சுது. அப்புறம் முன் வரிசையில சிரிப்பு நின்னுச்சு, அப்புறம் நடுவுல. பின்னாடி பசங்க மட்டும் கடைசி வரைக்கும் சிரிச்சானுக.

அவ அப்பதான் மேடைப் படியில கால் வச்சிருந்தா. பச்சைக் கலர் சுடிதார், அன்னைக்குன்னு இஸ்திரி போட்டது. ஓடிருவாள்னு நெனச்சேன். ஓடல. மேல ஏறி வந்தா. தலைவர் பெட்டியை நீட்டினார், வாங்கினா, கும்பிட்டா, போட்டோக்காரர் இங்க பாரும்மான்னதும் பார்க்கவும் செஞ்சா. அந்தப் பக்கப் படி வழியா இறங்கும்போது லேப்டாப் பெட்டியைக் கடைசிப் படியில வச்சா. கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவா வச்சிட்டு நேரா வாசலுக்குப் போயிட்டா. பையைக்கூட எடுக்கல. இந்தப் பை. உள்ள ரெக்கார்டு நோட்டு ரெண்டு இருக்கு, அவளோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. என்னோடதையும் அவதான் எழுதுவா. பாதியில நிக்குது இப்ப.

நானா? நான் மிச்சப் பேரை வாசிச்சேன். இன்னும் எத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க! என் குரல்ல வாசிச்சேன்னு சொன்னாளுக. இருக்கும்.

அதுல எனக்கு வந்த கோபம் என்னன்னு கேளுங்க. எங்கிட்ட பொய் சொல்லியிருக்கா அக்கா! ரெண்டு வருஷம் ஒரே ரூம், ஒரே பக்கெட்டு. மலேசியான்னா. நானும் நம்பி, லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் மலேசியா சாக்லேட் எங்கடின்னு பையைக் குடைவேன். ஒருதடவை மெஸ்ஸுல தட்டைக் காதுல வச்சுக்கிட்டு, "ஹலோ, கோமதியா? அப்பா பேசுறேம்மா, மலேசியாவுலயிருந்து. சாப்டியா? நான் இங்க சௌக்கியம், வெளியதான் விட மாட்டேங்கிறாங்க"ன்னு பண்ணினேன். வேலை ஜாஸ்திங்கிற அர்த்தத்துல சொன்னது அது! மெஸ்ஸே உருண்டுச்சு. இவ எழுந்து தட்டைக் கழுவப் போயிட்டா. சாப்பாடு தட்டுல அப்படியே இருந்துச்சு. உப்பு அதிகமோன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் ஏன் பண்ணப் போறேன்? சொல்லியிருந்தா அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருந்தாலும் ஒரே ஒருதடவை, ரூமுக்குள்ள, கதவைச் சாத்திட்டு.

இப்பப் பாருங்க, ஊரே என் மேல பாயுது. அருணாசலம் சார் சொல்றார், "நீ கமாண்டைத் தப்பா அடிக்கல. கமாண்டு சரி. நீதான் தப்பு. புரியுதா, புரியலையா?" கமாண்டு சரின்னா நான் எப்படித் தப்பாவேன்? ஆபீஸ்ல அடிச்சவங்க இனிஷியல் இல்லாத இடத்துல ஒரு கோடு போட்டிருந்தா வம்பே இல்ல. காரணத்தை எல்லாம் அதே ஃபைல்ல வச்சவங்க யாரு? அதை எங்கிட்ட குடுத்தவர் யாரு? அவங்களை ஒரு வார்த்தை கேட்கலையே. வார்டன் எனக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்க, ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்துல. மெஸ்ஸுல நான் உட்கார்ந்தா பெஞ்சு காலியாகுது. நான் அருணாசலம் சார் குரலை எடுத்து விட்டாலும் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறதில்ல. சிரிச்சது பூராவும் அவளுகதான்!

பிரின்சிபால் என்ன சொல்லிட்டார்னா, "லுக் ஹியர். அந்தப் பொண்ணு என்னைக்கு வகுப்புக்குத் திரும்பி வருதோ, அன்னைக்கு நீயும் வா. அது வரலைன்னா பரீட்சை ஹாலுக்குள்ள நீயும் கிடையாது. போய்க் கூட்டிட்டு வா." திங்கக்கிழமை பரீட்சை அக்கா. அவ வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாளாம், அதுக்கு நான் ஒரு வருஷத்தை விடணுமாம். எப்படி நியாயம்?

போன் போடாம இருப்பேனா? எடுத்தாத்தானே! என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிருவா. அப்புறம் வேற வேற ஆளுங்க போன்ல போட்டேன். பிரின்சிபால் ஆபீஸ் கிளார்க் மாதிரி பேசினேன், வச்சிட்டா. வார்டன் மாதிரி, "ஏட்டி, உன் பெட்டு தூசி பிடிச்சுக் கிடக்கு, வந்து தட்டு"ன்னேன், வச்சிட்டா. கடைசியா அருணாசலம் சார். உசிரைக் குடுத்துப் பேசினேன் அக்கா. "கோமதி, நீ இந்த டிபார்ட்மெண்டுக்கே பெருமை, திரும்பி வாம்மா, எல்லாரும் மறந்தாச்சு, புரியுதா, புரியலையா?" சாருக்கே வராத பாசம்! முழுசாக் கேட்டா. வைக்கல. நான் நெனச்சேன், ஆஹா, விழுந்துட்டாள்னு. அப்புறம் ரெண்டு வார்த்தை சொன்னா. அதோட எல்லா நம்பரையும் பிளாக் பண்ணிட்டா.

என்ன சொன்னாளா? இருங்க.

அதுக்குத்தான் இன்னைக்கு நேர்லயே கிளம்பிட்டேன். பனவடலிசத்திரத்துல இறங்கி ஆட்டோ. வீட்டு வாசல்ல நின்னு வார்டன் குரல்ல ஒரு சத்தம் குடுப்பேன். அவங்கம்மா பதறிக் கதவைத் திறப்பாங்க. திறந்துட்டாப் போதும், உள்ள காலை வச்சிருவேன். பையை எடுத்து அவ மடியில போட்டு, கிளம்புடின்னு சொல்லுவேன். வர மாட்டேன்னா அழுவேன். அழுகையும் வரும் எனக்கு, நாலு தினுசா வரும்.

என்ன கேட்டீங்க? அவ எப்படிப் பேசுவாளா? கோமதி மாதிரி பேசணுமா?

இதென்ன பெரிய விஷயம். இருங்க, தொண்டையைச் செருமிக்கிறேன். கனி, துண்டை எடுத்துக் குடு. இல்ல, இது என் அத்தை மாதிரி இருக்கு. கனி, முழுசா ஒருதடவை படிச்சுப் பாரு. ம்ஹூம், இது டீச்சர். கனி... அட! சளி பிடிச்சிருக்கு போல. அவ பேச்சு ரொம்ப மெதுவா இருக்கும் அக்கா, வாயைத் திறந்து ஒழுங்காப் பேசினாத்தானே பிடிக்க முடியும்? நான் பேசுவேன், அவ கேட்பா. ரெண்டு வருஷமா அதுதான் நடந்துச்சு. சுவர்கிட்ட பேசினா சுவரோட குரல் வருமா? அதுக்கும் அவதான் பொறுப்பு.

போன்ல சொன்ன ரெண்டு வார்த்தை மட்டும் வேணும்னா வருதான்னு பார்க்கிறேன்.

"போதும் கனி."

வந்துருச்சு! அச்சு அசலா வந்துருச்சு அக்கா. கோபமாக்கூடச் சொல்லல அவ, இப்படித்தான் சொன்னா. காய்ச்சல் வந்த மாதிரி. இன்னொருதடவை சொல்றேன் கேளுங்க. போதும் கனி. எப்படி? எனக்கே ஒருதடவை திரும்பிப் பார்க்கத் தோணிருச்சு.

என்ன அக்கா, சிரிக்கல? கண்டக்டருக்குச் சிரிச்சீங்க, வார்டனுக்குச் சிரிச்சீங்க, இதுக்கு மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க. நீங்களும் எங்க ஹாஸ்டல்தான். விடுங்க. எனக்கு ஒண்ணும் உங்ககிட்டயிருந்து தேவையில்ல.

பனவடலி, பனவடலி இறங்குன்னு கத்துறார். இது நான் இல்ல, நிஜக் கண்டக்டர். நீங்க ஏன் எந்திரிக்கீங்க, வழி விட்டாப் போதும். இந்தா, ஜன்னல் சீட்டை எடுத்துக்கோங்க, காலியாத்தான் போகுது. பையைப் பிடிங்க ஒரு நிமிஷம். ம், குடுங்க. அவ ரெக்கார்டு நோட்டு கசங்கியிருக்கா? இல்ல.

என்னது? வார்டனும் வேண்டாம், சாரும் வேண்டாம், என் குரல்லயே கூப்பிடணுமா?

நீங்க ஒரு ஆளு அக்கா! இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீங்க? என் குரல்னு தெரிஞ்சா அவ கதவைத் திறப்பாளா?